வழுநீக்கிகளில் நினைவக ஆயுட்கால வழு

வழுநீக்கிகளில் நினைவக ஆயுட்கால வழு என்பது, பிற நிரல்களின் வழுக்களைக் கண்டறியப் பயன்படும் வழுநீக்கி மென்பொருளே, தான் முன்னர் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை மீண்டும் பயன்படுத்த முற்பட்டு முறிந்துபோவதைக் குறிக்கும். சி, சி++ போன்ற நிரல்மொழிகளில் எழுதப்பட்ட எந்தப் பெரிய மென்பொருளிலும் இவ்வகை வழு ஏற்படலாம். எனினும் டிபக்கர் எனப்படும் வழுநீக்கியில் இதற்கான வாய்ப்பு கூடுதலாகும். வழுநீக்கி தன்னுள் சேமித்து வைத்திருக்கும் தரவுகளில் பெரும்பகுதி வேறொரு நிரலின் நிலையைப் பற்றியவை. அந்நிரல் ஓர் அடி நகர்ந்தாலும் அத்தரவுகள் காலாவதியாகிவிடும்.

இக்கட்டுரை குனூ திட்டத்தின் வழுநீக்கியான ஜிடிபியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வழுவை விளக்குகிறது. ஜிடிபியை 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். நீண்ட காலம் சி மொழியில் இருந்த இது படிப்படியாக சி++ மொழிக்கு மாற்றப்பட்டது. 2017இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்து இதனை உருவாக்க சி++11 கம்பைலர் கட்டாயமாயிற்று. இந்த மாற்றத்துக்கும் கீழே சொல்லப்படும் திருத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆயுட்காலமும் தொங்கு சுட்டும்

ஒரு நிரல் இயங்கும்போது அதன் தரவுகள் ஒவ்வொன்றும் நினைவகத்தில் குறிப்பிட்ட காலம் மட்டுமே உயிர்வாழ்கின்றன. ஒரு செயற்கூறின் உள்மாறிகள் அச்செயற்கூறு முடியும் வரை அடுக்கில் இருக்கும். மலாக் செயற்கூறின் மூலம் குவியலில் பெறப்பட்ட இடம், ஃபிரீ செயற்கூறு அழைக்கப்படும் வரை இருக்கும். இக்கால அளவே அத்தரவின் ஆயுட்காலம் எனப்படுகிறது.

சுட்டு என்பது ஒரு நினைவக முகவரியைத் தாங்கிய மாறி ஆகும். (சுட்டி என்ற சொல் மவுஸ் கருவிக்கும் வழங்குவதால் இக்கட்டுரையில் சுட்டு என்றே ஆளப்படுகிறது.) சுட்டில் இருப்பது வெறும் எண். அந்த முகவரியில் இருந்த பொருள் இன்னும் அங்கே உள்ளதா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. வாடகை வீட்டைக் காலிசெய்து போனவரின் பழைய முகவரியை ஒருவர் குறித்து வைத்திருப்பதைப் போன்றது இது. கடிதம் போய்ச் சேரும். ஆனால் அதைப் பிரித்துப் படிப்பவர் வேறொருவராக இருப்பார், அல்லது வீடே இடிக்கப்பட்டிருக்கும். இப்படி, ஆயுட்காலம் முடிந்துபோன பொருளைச் சுட்டிக்கொண்டிருக்கும் சுட்டு தொங்கு சுட்டு எனப்படும்.

தொங்கு சுட்டைப் பயன்படுத்தினால் உடனே முறிவு ஏற்படும் என்பது பரவலான தவறான எண்ணம். விடுவிக்கப்பட்ட இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாதிருந்தால் பழைய தரவே கிடைக்கும், நிரலும் சரியாக இயங்குவதுபோலத் தோன்றும். அவ்விடம் வேறொரு பொருளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் பிழையான தரவு கிடைக்கும். அந்தப் பகுதி இயக்குதளத்திடமே திருப்பி அளிக்கப்பட்டிருந்தாலோ, கிடைத்த பிழையான தரவை மற்றொரு முகவரியாகக் கொண்டு நிரல் தொடர்ந்தாலோதான் செக்மென்டேஷன் ஃபால்ட் என்னும் செய்தியுடன் முறிவு நிகழும். மூன்றில் இறுதியானதே நல்லது எனலாம். முதலிரண்டும் சத்தமின்றி நடப்பவை.

வழுநீக்கி முறிந்தால் என்ன ஆகும்?

உரைத் தொகுப்பி ஒன்று முறிந்தால் சேமிக்காத எழுத்துக்கள் போகும். வழுநீக்கி முறிந்தால் போவது அதற்கும் மேலானது. பல மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே தலைகாட்டும் ஒரு வழுவைப் பிடிக்கக் காத்திருந்து, நிரல் சரியாக அந்த இடத்தில் நின்றிருக்கும் வேளையில் வழுநீக்கி முறிந்தால், நின்றிருந்த நிரலின் நிலையும் அதனுடன் அழிந்துவிடுகிறது. லினக்ஸில் ஜிடிபி தானே தொடங்கி வைத்த நிரல்களைப் பொறுத்தவரை, வழுநீக்கி இறந்தால் அந்நிரலையும் கொன்றுவிடுமாறு கருனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறது. இவ்வசதி 2013இல் வெளிவந்த லினக்ஸ் 3.8 முதல் உள்ளது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒன்றுடன் வழுநீக்கி இணைந்திருந்தால் நிலைமை வேறு. நிறுத்தப்புள்ளி வைக்கும்போது வழுநீக்கி அந்நிரலின் ஆணை ஒன்றை மாற்றி எழுதுகிறது. எக்ஸ்86 செயலிகளில் இது 204 என்ற மதிப்புள்ள ஒற்றை பைட்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் வழுநீக்கி முறிந்தால் இந்த பைட்டு அங்கேயே தங்கிவிடும். பின்னர் அவ்விடத்துக்கு வரும் நிரல், தன்னைக் கவனிக்க எவரும் இல்லாத நிலையில், அந்தக் குறிகையாலேயே நிறுத்தப்பட்டுவிடும். சேவை வழங்கிக்கொண்டிருக்கும் வழங்கி நிரலுக்கு இது நேர்ந்தால் அதன் பயனர்கள் அனைவரும் பாதிக்கப்படுவர்.

சட்டகப் பதுக்ககம்

ஜிடிபியின் வரலாற்றில் ஆயுட்கால வழுக்கள் அடிக்கடி தோன்றிய இடம் சட்டகங்களைக் கையாளும் பகுதியாகும். ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது அடுக்கில் அதற்கென ஒரு பகுதி உருவாகிறது. இதுவே சட்டகம். தற்போது இயங்கும் செயற்கூறின் சட்டகம் 0 என்றும், அதனை அழைத்ததன் சட்டகம் 1 என்றும் எண்ணிடப்படுகின்றன. பின்தடம் காட்டும் பேக்டிரேஸ் கட்டளையைக் கொடுத்தால் இச்சட்டகங்கள் வரிசையாக, ஒவ்வொரு செயற்கூறுக்கும் தரப்பட்ட உள்ளீட்டு மதிப்புகளுடன் பட்டியலிடப்படும்.

ஒரு சட்டகத்திலிருந்து அதனை அழைத்த சட்டகத்தைக் கண்டுபிடிப்பது எளிதான வேலை அன்று. பதிவகங்களின் பழைய மதிப்புகள் அடுக்கில் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதை, டுவார்ஃப் வடிவில் கம்பைலர் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் வழுநீக்கி மந்தமாகிவிடும். ஆகையால் ஒருமுறை கணக்கிட்ட சட்டகங்களை ஜிடிபி ஒரு பதுக்ககத்தில் வைத்துக்கொள்கிறது. சங்கிலிபோல் ஒவ்வொரு சட்டகப் பொருளும் அடுத்ததைச் சுட்டியிருக்கும்.

சோதிக்கப்படும் நிரல் மீண்டும் ஓடத் தொடங்கினாலோ, பதிவகம் ஒன்று மாற்றப்பட்டாலோ, வேறு இழைக்கு மாறினாலோ இந்தக் கணக்குகள் செல்லாதவை ஆகின்றன. அப்போது ஜிடிபி பதுக்ககம் முழுவதையும் ஒரே வீச்சில் விடுவித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. எது மாறியது, எது மாறவில்லை என்று ஆராய்வதைவிட இது எளிது, பாதுகாப்பானதும்கூட. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பதுக்ககம் வெறுமையாக்கப்படும் தருணத்தில் ஜிடிபியின் எந்தச் செயற்கூறும் பழைய சட்டகம் ஒன்றின் சுட்டைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

பின்தடத்தை அச்சிடும்போது நிரல் நின்றுகொண்டுதானே இருக்கிறது, பதுக்ககம் ஏன் வெறுமையாக வேண்டும் என்ற கேள்வி எழலாம். விடை அழகு அச்சிகளில் உள்ளது. 2009இல் வெளிவந்த ஜிடிபி 7.0 முதல், சிக்கலான தரவுக் கட்டமைப்புகளைப் படிக்கத்தக்க வடிவில் காட்டப் பயனர்கள் பைத்தான் மொழியில் சிறுநிரல்களை எழுதிச் சேர்க்க முடியும். இச்சிறுநிரல் ஒரு பொருளின் மதிப்பை அறிய, அப்பொருளுக்குரிய செயற்கூறு ஒன்றைச் சோதிக்கப்படும் நிரலுக்குள்ளேயே அழைக்கலாம். அவ்வாறு அழைக்க ஜிடிபி பதிவகங்களைச் சேமித்து, அடுக்கில் ஒரு போலிச் சட்டகத்தை அமைத்து, திரும்பும் இடத்தில் நிறுத்தப்புள்ளி ஒன்றை வைத்து, நிரலை ஓடவிடுகிறது. செயற்கூறு முடிந்ததும் பதிவகங்கள் பழையபடி மீட்கப்படும். பயனரின் பார்வையில் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் இடையில் நிரல் ஓடியது, ஆகையால் பதுக்ககம் வெறுமையாக்கப்பட்டது.

இப்போது பின்தடத்தை அச்சிடும் சுழற்சியைக் கவனிக்க வேண்டும். அது சட்டகம் 0இன் சுட்டைக் கையில் கொண்டு, அதன் உள்ளீட்டு மதிப்புகளை அச்சிடுமாறு பணிக்கிறது. அச்சிடும் பகுதி அழகு அச்சியை அழைக்கிறது. அழகு அச்சி நிரலை ஓடவிடுகிறது. எல்லாம் முடிந்து கட்டுப்பாடு சுழற்சிக்குத் திரும்புகையில் அதன் கையில் இருப்பது விடுவிக்கப்பட்ட நினைவகத்தின் முகவரி. அதனிடம் "உன்னை அழைத்தது எது?" என்று கேட்கும் அடுத்த அடியில் முறிவு நிகழ்கிறது. சுழற்சியை எழுதியவர் பார்வையில் அதில் பிழை எதுவும் இல்லை. மதிப்பை அச்சிடும் செயல் நிரலை ஓடவைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சுழற்சி எழுதப்பட்ட காலத்தில் பைத்தான் வசதியே இல்லாதிருந்திருக்கவும் கூடும்.

வழு மறைந்திருத்தல்

மேற்கண்ட வழு சில கணினிகளில் தோன்றியும் சிலவற்றில் தோன்றாமலும் இருப்பது தற்செயல் அன்று. சட்டகப் பொருள்கள் தனித்தனியே மலாக் மூலம் பெறப்படுவதில்லை. ஒரு பெரிய துண்டைப் பெற்று, அதிலிருந்து வரிசையாக வெட்டிக் கொடுக்கும் ஆப்ஸ்டாக் என்ற முறை கையாளப்படுகிறது. பதுக்ககம் வெறுமையாகும்போது துண்டுகள் விடுவிக்கப்பட்டு, உடனே அதே அளவில் புதிய துண்டு ஒன்று கேட்கப்படுகிறது. சற்றுமுன் விடுவிக்கப்பட்ட அதே இடத்தையே நினைவக ஒதுக்கி திருப்பித் தரும் வாய்ப்பு மிகுதி. புதிய பதுக்ககத்திலும் முதலில் உருவாகும் சட்டகம் அதே வரிசையில் அதே இடத்தில் அமையும். எனவே தொங்கு சுட்டு, தற்செயலாக, சரியான புதிய சட்டகத்தையே சுட்டிக்கொண்டிருக்கும்!

இதனால் சட்டகம் 0இல் வழு வெளிப்படாது. இடையே கூடுதலாக ஒரு பொருள் ஒதுக்கப்பட்டாலோ, அடுக்கு ஆழமாகி இரண்டாம் துண்டு தேவைப்பட்டாலோ, ஒதுக்கி வேறு இடத்தைக் கொடுத்தாலோ மட்டும் வெளிப்படும். "என் கணினியில் இயங்குகிறதே" என்ற கூற்றுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கண்டறிதல்

முறிவு நிகழ்ந்த வரியைப் பார்ப்பதால் பெரிதாகப் பயன் இல்லை. அந்த வரி பெரும்பாலும் குற்றமற்றது. பொருள் எங்கே விடுவிக்கப்பட்டது என்பதே தேவையான செய்தி. இதனைத் தருவதற்கென இரு கருவிகள் பரவலாகப் பயன்படுகின்றன.

ஜூலியன் சூவர்ட் உருவாக்கிய வால்கிரின்ட் 2002 முதல் கிடைக்கிறது. இது சோதிக்கப்படும் நிரலின் ஒவ்வோர் ஆணையையும் இடைமறித்து நினைவக அணுக்கங்களைச் சரிபார்க்கிறது. நிரலை மீண்டும் கம்பைல் செய்யத் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. பல மடங்கு மந்தமாக ஓடும் என்பது குறை. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2012இல் அறிமுகப்படுத்திய அட்ரஸ் சானிடைசர், கம்பைலரின் துணையுடன் செயற்படுவது. கிளாங் கம்பைலரிலும் பின்னர் ஜிசிசி 4.8 பதிப்பிலும் சேர்க்கப்பட்டது. நிரலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட்டை வைத்து, அந்த 8 பைட்டுகளில் எவை அணுகத்தக்கவை என்று குறித்துக்கொள்கிறது. இதன் வேகம் வால்கிரின்டை விட வெகுவாக மேம்பட்டது.

அட்ரஸ் சானிடைசரின் மற்றொரு இயல்பு இங்கே மிக முக்கியமானது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை அது உடனே மறுபயன்பாட்டுக்குத் தருவதில்லை. சிலகாலம் தனிமைப்படுத்தி வைக்கிறது. ஆகையால் மேலே கூறிய தற்செயல் ஒற்றுமை குலைந்து, சட்டகம் 0இலேயே வழு பிடிபட்டுவிடும். அது தரும் அறிக்கையில் மூன்று பின்தடங்கள் இருக்கும். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்ட இடம், விடுவிக்கப்பட்ட இடம், முதலில் ஒதுக்கப்பட்ட இடம் என்பன அவை. இரண்டாவது பின்தடத்தைக் கீழிருந்து மேலாகப் படித்தால், பின்தடக் கட்டளை, மதிப்பை அச்சிடுதல், பைத்தான் சிறுநிரல், நிரலுக்குள் செயற்கூறு அழைப்பு, பதுக்ககத்தை வெறுமையாக்கல் என்ற சங்கிலி முழுவதும் கண்ணெதிரே தெரியும். வழுவின் கதை அதிலேயே உள்ளது.

ஜிடிபியை மற்றொரு ஜிடிபியின் கீழ் ஓடவிட்டு ஆராய்வதும் வழக்கம். எந்த வழுநீக்கியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற குழப்பம் வராதிருக்க, மேலிருப்பது "டாப்-ஜிடிபி" என்ற தனித் தூண்டியைக் காட்டுமாறு ஜிடிபியின் மூலநிரலுடனேயே ஓர் அமைவுக் கோப்பு வழங்கப்படுகிறது.

திருத்தம்

பழைய திருத்த முறை எளியது. சட்டகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அச்சட்டகத்தின் அடுக்கு முகவரியும் செயற்கூறின் தொடக்க முகவரியும் சேர்ந்து இவ்வடையாளம் அமைகிறது. பதுக்ககம் எத்தனை முறை அழிந்து எழுந்தாலும் அதே சட்டகத்துக்கு அதே அடையாளமே கிடைக்கும். எனவே ஆபத்தான அழைப்புக்கு முன் சுட்டுக்குப் பதிலாக அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அழைப்புக்குப் பின் அவ்வடையாளத்தைக் கொண்டு சட்டகத்தை மீண்டும் தேடிப் பெற்றால் போதும். வழு அறிவிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் இத்தகைய ஒட்டு போடப்பட்டு வந்தது. ஆனால் எந்த அழைப்பு ஆபத்தானது என்பதை ஒவ்வொரு நிரலரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஒட்டு எங்கே தேவை என்பது அடுத்த முறிவுக்குப் பின்னரே தெரியவரும்.

2022இல் ஜிடிபி உருவாக்குநர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். சட்டகத்தின் வெறும் சுட்டுக்குப் பதிலாக, அதனை உறையிட்டுத் தாங்கும் ஒரு சிறு வகுப்பு எழுதப்பட்டது. இவ்வகுப்பின் பொருள் உருவாகும்போதே ஒரு பொதுப் பட்டியலில் தன்னைப் பதிவுசெய்துகொள்ளும், அழியும்போது தன்னை நீக்கிக்கொள்ளும். பட்டியலின் இணைப்புகள் உறைக்குள்ளேயே இருப்பதால் இதற்கெனத் தனியே நினைவகம் தேவையில்லை. பதுக்ககம் வெறுமையாகும்போது ஜிடிபி இப்பட்டியலின் ஊடே சென்று, உயிரோடிருக்கும் உறைகள் எல்லாவற்றின் சுட்டுகளையும் வெற்றாக்கிவிடுகிறது. உறைக்குள் சட்டகத்தின் அடையாளமும் இருப்பதால், தேவைப்படும்போது புதிய பதுக்ககத்திலிருந்து சட்டகம் மீண்டும் பெறப்படுகிறது. தொடக்கத்தில் இந்த மீட்பை உரிய இடங்களில் நிரலரே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பின்னர் அது தானாக நிகழுமாறு மாற்றப்பட்டது. சட்டகம் 0 மட்டும் அடையாளத்தால் தேடப்படாமல், தற்போதைய சட்டகம் எதுவோ அதுவாகவே கொள்ளப்படுகிறது.

இதற்காக மூலநிரல் எங்கும், செயலிவகை ஒவ்வொன்றுக்குமான கோப்புகள் உட்பட, ஏராளமான செயற்கூறுகளின் அறிவிப்புகள் மாற்றி எழுதப்பட்டன. இத்திருத்தம் 2023இல் வெளிவந்த 13ஆம் பதிப்பில் இடம்பெற்றது. பொருள் உருவாகும்போதும் அழியும்போதும் தானாக இயங்கும் செயற்கூறுகள் சி மொழியில் இல்லை. எனவே சி++க்கு மாறியிராவிட்டால் இவ்வடிவில் இத்திருத்தத்தைச் செய்திருக்க இயலாது. அழகு அச்சி நிரலுக்குள் செயற்கூறை அழைக்கும் நிலையைத் திரும்பத் திரும்ப உருவாக்கிப் பார்க்கும் சோதனைகளும் ஜிடிபியின் சோதனைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன.

உரிமை எண்ணிக்கை ஏன் போதாது?

சி++11 வழங்கும் பகிர்வுச் சுட்டைப் பயன்படுத்தியிருந்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பகிர்வுச் சுட்டு, ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்று எண்ணிவரும். எண்ணிக்கை சுழியாகும் வரை பொருளை அழியவிடாது. முறிவை அது தடுத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உயிரோடு வைக்கப்பட்ட அந்தச் சட்டகம், நிரல் ஓடுவதற்கு முந்தைய நிலையைப் பற்றிய தகவலையே தாங்கியிருக்கும். வழுநீக்கி முறியாமல், பிழையான மதிப்பைப் பயனருக்குக் காட்டும். தான் தேடும் வழுவைப் பற்றிப் பொய்த்தகவல் பெற்ற நிரலரின் நிலை, முறிந்த வழுநீக்கியைப் பார்த்து நிற்பவரின் நிலையை விட மோசமானது. சட்டகத்தைப் பொறுத்தவரை நினைவகம் இருப்பது மட்டும் போதாது, அதிலுள்ள தகவல் மெய்யாகவும் இருக்க வேண்டும்.

மாறாக, நிறுத்தப்புள்ளிகளின் கட்டளைப் பட்டியலுக்குப் பகிர்வுச் சுட்டே பொருத்தமானது. நிறுத்தப்புள்ளியை அடைந்தவுடன் தானாக நிறைவேற்றப்பட வேண்டிய கட்டளைகளைப் பயனர் அதனுடன் இணைத்து வைக்கலாம். அக்கட்டளைகளுள் ஒன்று, அதே நிறுத்தப்புள்ளியை நீக்குக என்பதாகவும் இருக்கலாம். இது விசித்திரமான பழக்கம் அன்று, பலரும் செய்வதே. நிறுத்தப்புள்ளி நீங்கும்போது அதன் கட்டளைப் பட்டியலும் அழிந்தால், பட்டியலின் நடுவே நின்றுகொண்டிருக்கும் ஜிடிபி அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டியதாகிவிடும். ஆகையால் பட்டியல் பகிர்வுச் சுட்டால் தாங்கப்படுகிறது. நிறைவேற்றும் பகுதி தன் பங்குக்கு ஒரு பிடியை வைத்துக்கொள்கிறது. நிறுத்தப்புள்ளி போன பின்னரும் மீதிக் கட்டளைகள் ஓடி முடியும்வரை பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ளவை பயனர் எழுதிய சொற்கள், அவை காலாவதியாவதில்லை என்பதே வேறுபாடு.

பல இழைகள் கொண்ட நிரலில், சில இழைகள் நிற்க மற்றவை ஓடும் முறையில் மூன்றாவது வகைச் சிக்கல் உள்ளது. நிறுத்தப்புள்ளி நீக்கப்படுவதற்குச் சற்று முன்பு ஓர் இழை அதில் மோதி, அச்செய்தி வந்து சேருமுன் நிறுத்தப்புள்ளி நீக்கப்பட்டிருக்கலாம். காரணம் தெரியாத குறிகையாக அது தோன்றும். இதனால் ஜிடிபி நீக்கப்பட்ட இடங்களை உடனே மறந்துவிடாமல், சாகும் தறுவாயிலுள்ளவை என்ற தனிப்பட்டியலில் சிறிது காலம் வைத்திருக்கிறது. இழைகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி 3ஆல் பெருக்கிய அளவு நிகழ்வுகள் கடந்த பின்னரே அவை விடுவிக்கப்படுகின்றன. இது நிறுவப்பட்ட எல்லை அன்று, பட்டறிவால் வந்த மதிப்பீடே.

பைத்தான் பொருள்களும் மதிப்பு வரலாறும்

பைத்தான் சிறுநிரல்கள் ஜிடிபியின் சட்டகம், குறியீடு போன்றவற்றைத் தம் மாறிகளில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஜிடிபிக்கு அதன்மேல் கட்டுப்பாடு இல்லை. எனவே பைத்தானுக்குத் தரப்படும் சட்டகப் பொருளில் சுட்டு வைக்கப்படுவதில்லை, அடையாளமே வைக்கப்படுகிறது. இப்பொருள்கள் இன்னும் செல்லுபடியாகுமா என்று கேட்டறியும் வசதியும் தரப்பட்டுள்ளது. செல்லாத பொருளைப் பயன்படுத்தினால் முறிவுக்குப் பதில் பைத்தான் பிழைச்செய்தி எழும்.

பயனர் அச்சிட்ட மதிப்புகளை ஜிடிபி எண்ணிட்டு வரலாறாகச் சேர்த்து வைக்கிறது. ஒரு மதிப்பின் தரவுவகை பற்றிய விளக்கமோ, அது எந்த நிரல்கோப்பிலிருந்து படிக்கப்பட்டதோ அக்கோப்புக்கான நினைவகத்தில் இருக்கும். நிரல் திருத்தப்பட்டு மீண்டும் கம்பைல் செய்யப்பட்டால் பழைய கோப்பின் தகவல்கள் முழுதும் விடுவிக்கப்படும், ஆனால் வரலாற்றிலுள்ள மதிப்புகள் எஞ்சியிருக்க வேண்டும். இங்கே ஜிடிபி மூன்றாவது உத்தியைக் கையாளுகிறது. கோப்பு விடுவிக்கப்படுமுன் வரலாறு முழுவதையும் ஆராய்ந்து, அக்கோப்பைச் சார்ந்த தரவுவகை விளக்கங்களை அவற்றின் உட்பகுதிகளுடன் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்கிறது. படியெடுத்தல் செலவு மிக்கது. எனினும் கோப்பு மாறுவது அரிதாகவே நிகழ்வதால் பயனர் அதனை உணர்வதில்லை.

2015இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழி, பதுக்ககத்துக்குள் சுட்டும் குறிப்பொன்று கையில் இருக்கையில் அப்பதுக்ககத்தை மாற்றக்கூடிய செயற்கூறை அழைப்பதைக் கம்பைல் செய்யும்போதே மறுத்துவிடும். ஆயினும் அம்மொழியில் எழுதுபவரும், பின்தடச் சுழற்சியை இயங்கவைக்க, சுட்டை விட்டுவிட்டு அடையாளத்தை வைத்துக்கொள்ளும் அதே வடிவமைப்புக்கே வந்து சேர வேண்டியிருக்கும்.